படம் குழந்தைக்கு, எழுத்து நமக்கு: ஒரு தேவதைக் கதைப் புத்தகத்தைச் சிறு குழந்தையோடு சேர்ந்து படிக்க முழுமையான வழிகாட்டி

சிவப்புத் தொப்பிக்காரி காட்டுக்குள் நடந்துபோகும் பக்கம். எழுத்தில் இருந்தது இரண்டே வரி: அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள், காட்டுப் பாதையில் நடந்தாள். படித்து முடித்துப் பக்கத்தைப் புரட்டப் போனேன். நாலு வயது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கப்பா." அவள் விரல் இடதுபக்க மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய் மூன்றாவது மரத்தடியில் நின்றது. "வாலு." ஆமாம், வால்தான். அடிமரத்தை ஒட்டி, நிழலோடு நிழலாக, சாம்பல் நிறத்தில் ஒரு வால்நுனி. அந்தப் புத்தகத்தை அதற்கு முன்பே இரண்டு முறை தனியாகப் படித்து வைத்திருந்தேன். இரண்டு முறையும் என் கண்ணில் அந்த வால் படவில்லை, ஏனென்றால் இரண்டு முறையும் நான் எழுத்தைத்தான் படித்தேன்.

பெரியவர் படித்துக் காட்டும்போது நாலு வயதுக் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, குழந்தைகள் ஏறக்குறைய முழு நேரமும் படத்தைத்தான் பார்க்கிறார்கள், எழுத்துப் பக்கம் கண் போவதே அபூர்வம். மடியில் ஒரே புத்தகம் விரிந்திருந்தாலும் நாம் படிப்பது ஒன்று, குழந்தை படிப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நடத்திப்போவதுதான் வேலை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

1. முதலில் கதையைத் தேர்ந்தெடுங்கள், புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம்

இரண்டரை, மூன்று வயதில் மூன்று கரடிகள், மூன்று பன்றிக்குட்டிகள் போன்ற கதைகள் சரியாக உட்காரும். ஒரே காரியம் மூன்று தடவை நடக்கிறது. முதல் தடவை குழந்தை கேட்கிறது, இரண்டாம் தடவை கண்டுகொள்கிறது, மூன்றாம் தடவை நமக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நாலு வயதில் சிவப்புத் தொப்பிக்காரியையும் அசிங்கமான வாத்துக்குஞ்சையும் எடுக்கலாம். ஐந்து, ஆறு வயதில் சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், ஹான்சலும் கிரெட்டலும். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடற்கன்னியையும் பனியரசியையும் ஏழெட்டு வயது வரை தள்ளி வைப்பேன். அவை நீளமான கதைகள், அவற்றில் உள்ள துக்கமும் நீளமானது.

வயதை ஒரு குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. ஹான்சல், கிரெட்டல் கதையில் நமக்குச் சூனியக்காரி பயங்கரமாகத் தெரிவாள். சிறு குழந்தைக்கு அதைவிடப் பயங்கரம், அப்பாவும் அம்மாவும் காட்டில் விட்டுவிட்டுப் போவது. பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வாரத்திலோ, வீட்டில் புதுப் பாப்பா வந்திருக்கும் சமயத்திலோ அந்தக் கதையை எடுக்காதீர்கள். இரண்டு மாதம் போகட்டும்.

2. எந்தப் பதிப்பு என்று முடிவைப் பார்த்து எடுங்கள்

ஒரே பெயரில் பல கதைகள் உலவுகின்றன. 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ வெளியிட்ட தொகுப்பில் பாட்டியைப் பார்க்கப் போன சிவப்புத் தொப்பிக்காரியை, பாட்டியை விழுங்கிவிட்டு அவள் வேஷத்தில் படுத்திருக்கும் ஓநாய் விழுங்குவதோடு கதை முடிந்துவிடும். காப்பாற்ற யாரும் வருவதில்லை. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மன் தொகுப்பில்தான் வேட்டைக்காரர் வந்து, ஓநாயின் வயிற்றைக் கிழித்து, பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு வெளியே எடுக்கிறார். பிறகு வயிற்றில் கல்லைப் போட்டு நிரப்புகிறார்கள்.

இங்கிலாந்தில் ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் அச்சிட்ட மூன்று பன்றிக்குட்டிகள் கதையில் முதல் இரண்டு பன்றிகளையும் ஓநாய் தின்றுவிடும். கடைசியில் ஓநாய் கொதிக்கும் பானையில் விழ, மூன்றாவது பன்றி அதைத் தின்னும். இன்றைய புத்தகங்கள் பலவற்றில் இரண்டு பன்றிகளும் தப்பி ஓடி அண்ணன் வீட்டில் ஒதுங்கிக்கொள்கின்றன. மூன்று கரடிகள் கதை 1837இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சவுதியின் கையால் அச்சேறியபோது வீட்டுக்குள் புகுந்தவள் ஒரு கிழவி. அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் அவள் சிறுமியாகிவிட்டாள், பொன்னிறக் கூந்தலும் கோல்டிலாக்ஸ் என்ற பெயரும் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டவை. ஆகவே "அசல் கதையைத்தான் படிக்கணும்" என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். இந்தக் கதைகள் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் மாறித்தான் வந்திருக்கின்றன. கிரிம் சகோதரர்களே தங்கள் கதைகளை 1857 வரை ஏழு பதிப்புகளில் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

மாற்றியிருப்பதில் தவறில்லை. எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் மூன்று விஷயம் பார்ப்பேன்.

ஓநாய் ஓநாயாக இருக்கிறதா? கடைசியில் "மன்னிச்சிடு, இனிமேல் நல்லவனாக இருப்பேன்" என்று ஓநாய் அழுது எல்லாரும் கட்டிக்கொண்டால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். அதுவரை குழந்தை தாங்கிக்கொண்ட பயத்துக்கு அங்கே பதிலே கிடைக்காது.

திரும்பத் திரும்ப வருவதை வெட்டாமல் வைத்திருக்கிறார்களா? கதையைச் சுருக்குகிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். பாட்டியின் காது, கண், கை, வாய் என்று நாலு கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தால், படி இல்லாத மாடி மாதிரி ஆகிவிடும், ஏற முடியாது.

படமும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா? கிரிம் கதையில் கூடைக்குள் இருப்பது கேக்கும் ஒயினும். எழுத்தில் அதைத் தேன் என்று மாற்றிவிட்டு, படத்தில் புட்டியை அப்படியே விட்டிருக்கும் புத்தகம் உண்டு. "தேன் எங்கப்பா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

3. ஓவியரையும் தேர்ந்தெடுங்கள்

கிரிம் சகோதரர்களின் முதல் தொகுப்பில் படமே கிடையாது. ஆய்வுக் குறிப்புகளோடு அறிஞர்கள் படிக்கத் தொகுத்த நூல் அது. 1823இல் லண்டனில் ஜார்ஜ் குரூக்ஷாங்கின் படங்களோடு ஆங்கிலத்தில் வந்த பிறகு, 1825இல் அவர்களே 50 கதைகளைப் பொறுக்கி, தம்பி லூட்விக் எமில் வரைந்த 7 படங்களோடு ஒரு சின்னப் பதிப்பு கொண்டுவந்தார்கள். குழந்தைகள் உள்ள வீடுகளுக்குள் கதைகள் பரவலாக நுழைந்தது அந்தச் சின்னப் பதிப்பால்தான்.

பிறகு வந்த ஓவியர்கள் ஒவ்வொருவரும் தனிக் கதைசொல்லிகள். 1862இல் பெரோ கதைகளுக்கு வரைந்த குஸ்தாவ் டோரே, ஓநாயும் சிறுமியும் ஒரே படுக்கையில் கிடக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் ரத்தம், பல், பாய்ச்சல் எதையும் காட்டவில்லை. ஓநாய் பாட்டியின் தூக்கக் குல்லாயைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது, சிறுமி போர்வையை இழுத்துக்கொண்டு அதை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அவ்வளவுதான். பயம் முழுவதும் அந்தப் பார்வையில் இருக்கிறது. ஆர்தர் ராக்கம் கிரிம் கதைகளுக்கு 1900இலும் மறுபடி வண்ணத்தில் 1909இலும் வரைந்தார். முறுக்கிக்கொண்டு நிற்கும் அவர் மரங்களே கதாபாத்திரங்கள்.

உங்கள் கையில் இருக்கும் புத்தகம் இத்தனை பெரிய ஓவியருடையதாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சோதியுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்தைக் கையால் மறையுங்கள். எழுத்து சொல்லாத ஏதாவது ஒன்றைப் படம் சொல்கிறதா? மரத்துக்குப் பின்னால் வால், ஜன்னலில் ஒரு நிழல், பாட்டி வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருப்பது. சொன்னால் வாங்கலாம். எல்லா முகமும் ஒரே சிரிப்பு, எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் என்றிருந்தால் குழந்தைக்கு அங்கே தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

பயம் வரும் படத்தை ஓவியர் எப்படிப் போட்டிருக்கிறார் என்றும் பாருங்கள். ஓநாய் பக்கத்தை அடைத்துக்கொண்டு நேராகக் குழந்தையின் முகத்தைப் பார்த்து வாய் பிளந்தால், மூன்று வயதுக்கு அது அதிகம். அதே ஓநாய் பக்கவாட்டில், வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தால், அதைக் கவனிக்கும் இடத்தில் குழந்தை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது.

4. தனியாக ஒரு ஒத்திகை

குழந்தை தூங்கிய பிறகு பத்து நிமிடம் போதும். முதலில் எழுத்தைப் படியுங்கள். இரண்டாவது தடவை எழுத்தை விட்டுவிட்டு, படத்தை மட்டும் அட்டையிலிருந்து அட்டை வரை பாருங்கள். நான் தவறவிட்டது இதைத்தான்.

பார்க்கும்போது மூன்று இடங்களை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். பயம் உச்சத்துக்குப் போகும் பக்கம் எது? புரட்டினால் ஒரு ரகசியம் உடையும் பக்கம் எது? படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத் தாளை மடித்து வெட்டும் கணக்கில் வந்த எண் அது. அந்தச் சின்ன இடத்துக்குள் எழுதுகிறவரும் வரைகிறவரும் ஒவ்வொரு புரட்டலையும் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். கதவைத் தட்டும் ஓசை வலதுபக்கக் கடைசி வரியில் இருந்தால், கதவைத் திறப்பது நம் கை. மூன்றாவது, குழந்தைக்குப் புரியாத சொல் எங்கே வருகிறது? அதற்கு முன்கூட்டியே ஒரு சின்ன விளக்கம் வைத்துக்கொண்டால் நடுவில் கதை அறுந்துபோகாது.

5. உட்காரும் விதம்

இதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. புத்தகம் குழந்தையின் கண்ணுக்கு நேராக, வெளிச்சம் பின்னாலிருந்து அல்லது பக்கத்திலிருந்து, பளபளப்பான தாளில் விளக்கு மின்னாமல் இருக்க வேண்டும். மடியில் உட்கார்ந்தால் குழந்தைக்கு உங்கள் முகம் தெரியாது, உடம்பு தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் தெரியும். பயமான கதைக்கு முதல் தடவை மடிதான் நல்லது. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

பக்கம் புரட்டும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். ஒரு பயம் வரப்போகிறது என்றால், அந்தக் கதவைத் திறக்கும் அதிகாரம் அதன் கையில் இருக்கட்டும்.

6. அட்டையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்

தலைப்பைப் படித்துவிட்டு அட்டைப் படத்தைப் பாருங்கள். "யாரு இது? எங்க போறா?" ஒன்றிரண்டு கேள்வி போதும். அட்டைக்கு உள்பக்கத்துத் தாளையும் வேகமாகத் தாண்ட வேண்டாம், நல்ல ஓவியர்கள் அங்கேயே கதையை ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் புத்தகத்தில் முன் உள்ளட்டையில் காட்டின் வரைபடம் இருந்தது, இரண்டு வீடும் அவற்றுக்கு நடுவே ஒரு வளைந்த பாதையும். கதை படிக்கும்போதெல்லாம் மகள் முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். "இப்ப இங்க இருக்கா." நானும் காத்திருப்பேன்.

7. முதல் வாசிப்பு: படம் முதலில், எழுத்து அப்புறம்

வரிசை இதுதான். பக்கம் புரண்டதும் பேசாதீர்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். குழந்தையின் கண் படத்தில் ஒரு சுற்று சுற்றி வரட்டும். பிறகு எழுத்தைப் படியுங்கள். படித்து முடித்ததும் இன்னும் ஒரு மூச்சு நேரம் விடுங்கள். குழந்தை புரட்டும்.

ஐந்து நொடி என்பது பெரியவர்களுக்கு ரொம்ப நீளம். முதல் நாள் என்னால் மூன்றுக்கு மேல் போக முடியவில்லை. ஆனால் படத்தைப் பார்த்து முடிக்காத குழந்தையின் காதில் எழுத்து ஏறாது. பார்த்து முடித்த குழந்தை, "சிவப்புத் தொப்பி" என்று நீங்கள் சொல்லும்போது அதைத் தேடி ஓடாது, ஏற்கெனவே தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போகும்.

விரித்த இரண்டு பக்கத்திலும் படம் இருந்தால், எதைப் படிக்கிறீர்களோ அந்தப் பக்கத்தைக் கையால் காட்டுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். மூன்றரை வயதுக் குழந்தைகளிடம் சோதித்து 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வில், இரண்டு படம் ஒரே நேரத்தில் முன்னால் இருந்தபோது குழந்தைகள் கற்றுக்கொண்ட புதுச் சொற்கள் குறைந்தன. படிப்பவர் சரியான பக்கத்தைக் கை காட்டியபோது அந்தக் குறை நீங்கியது. எழுத்தைத் தொட்டுக் காட்ட வேண்டியதில்லை, படத்தைச் சுட்டினால் போதும்.

முதல் வாசிப்பில் பாடம் நடத்தாதீர்கள். நிறம் கேட்பது, எண்ணிக்கை கேட்பது, "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்பது எதுவும் வேண்டாம். கதை ஒரு தடவை முழுசாக ஓடட்டும்.

8. அச்சுத் தமிழை வாய்த் தமிழாக்குங்கள்

தமிழில் படித்துக் காட்டுகிறவர்களுக்கு உள்ள வேலை இது. புத்தகத்தில் "'நீ எங்கே செல்கிறாய்?' என்று ஓநாய் வினவியது" என்று இருக்கும். மூன்று வயதுக் குழந்தையிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. படங்களோடு அது ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் "வினவியது" ஒரு கல்லாக வந்து காலில் இடறும்.

நான் செய்வது இப்படி. கதை சொல்லும் வரிகளை ஓரளவு எழுத்து நடையிலேயே படிப்பேன். "ஒரு காட்டோரத்தில் ஒரு சின்ன வீடு இருந்தது" என்பதைக் குழந்தை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், அந்த நடையும் மெல்லக் காதுக்குப் பழகும், பின்னால் தானாகப் படிக்கும்போது உதவும். யாராவது வாய் திறந்தால் மட்டும் முழுப் பேச்சுத் தமிழ். "பாப்பா, எங்கம்மா போற இவ்ளோ காலைல?" இதைக் கேட்டதும் குழந்தை நிமிர்ந்து பார்க்கும்.

மரியாதைச் சொல்லிலும் கதை இருக்கிறது. சிறுமி பாட்டியை "நீங்க" என்கிறாள், ஓநாயும் குரலைக் குழைத்துக்கொண்டு "கண்ணு" என்கிறது.

"பாட்டி, உங்க காது ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

"நீ பேசறது நல்லாக் கேக்கத்தான் கண்ணு."

"பாட்டி, உங்க கண்ணு ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

"உன்னை நல்லாப் பாக்கத்தான் கண்ணு."

நிறையப் பேர் ஓநாய்க்கு உறுமல் குரல் கொடுப்பார்கள். கொடுக்காதீர்கள். உறுமினால் அது ஓநாய் என்று சிறுமிக்கு அப்போதே தெரிந்திருக்குமே! இனிமையாகப் பேசுங்கள், பாட்டி மாதிரியே, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. பெரோ 1697லேயே கதையின் கடைசியில் எழுதிவைத்தது இதைத்தான்: சாதுவாக, நயமாகப் பேசி வரும் ஓநாய்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. நம் குரலே அதைச் சொல்லிவிட்டால் தனியாக அறிவுரை தேவைப்படாது. கடைசியாக, வாய் ஏன் பெரிசு என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் குரலை மாற்றுங்கள், அதையும் சத்தமாக வேண்டாம். வேகத்தைக் குறைத்தாலே போதும்.

9. பயம் வரும் பக்கம்

நான் தவறு செய்த இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை படித்தபோது, ஓநாய் பாட்டியை விழுங்கும் இரண்டு வரியை விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளை, ராத்திரி நேரம், எதற்கு என்று நினைத்தேன். "ஓநாய் வந்துச்சு, பாட்டி கட்டில்ல படுத்துக்கிச்சு" என்று தாண்டிப் போனேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, "அப்பா, பாட்டி எங்க போனாங்க?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. புத்தகத்தை எடுத்துவந்து காட்டினாள். கட்டிலில் பாட்டியின் குல்லாய் இருக்கிறது, பாட்டி இல்லை. ஓநாயின் வயிறு போர்வைக்கடியில் உருண்டையாக இருக்கிறது. எழுத்தை நான் மறைத்துவிட்டேன். படத்தை யாரால் மறைக்க முடியும்? என்ன நடந்தது என்று அவளுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது, அப்பா அதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. ஒரு இரவு முழுக்க அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று மாலை மடியில் உட்காரவைத்து உள்ளது உள்ளபடி படித்தேன். "ஓநாய் பாட்டியை அப்படியே முழுங்கிடுச்சு." கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தை அவளே புரட்டினாள், வேகமாக, வேட்டைக்காரர் வரும்வரை. பாட்டி வெளியே வந்ததும் ஒரு பெருமூச்சு. அந்த மூச்சு வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கதை கட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே, பயம் வரும் பக்கத்தில் செய்ய வேண்டியது:

குரலைத் தாழ்த்துங்கள், உயர்த்தாதீர்கள். வரியை விடாமல், ஆனால் விவரித்துக்கொண்டும் இருக்காமல் சொல்லுங்கள். கதையே அதை ஒரு வாக்கியத்தில்தான் சொல்கிறது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், "அடுத்த பக்கத்துல வேட்டைக்காரர் வராரு, போலாமா?" என்று முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். குழந்தைக்கு இதனால் சுவாரசியம் போகாது, போகிற வழி தெரிந்துவிடும். "இதெல்லாம் சும்மா கதை, பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பயம் வந்தது நிஜம். "எனக்கும் இந்த இடம் பயமாத்தான் இருக்கு" என்பது அதைவிட உதவும்.

"வேண்டாம், மூடுங்க" என்று சொன்னால் மூடிவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். ஆனால் புத்தகத்தை ஒளித்துவைக்காதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில், அட்டை தெரியும்படி வையுங்கள். பெரும்பாலும் தானே எடுத்துக்கொண்டு வரும், சில சமயம் அந்தப் பக்கத்தை மட்டும் தானாகத் திறந்து பார்த்துப் படக்கென்று மூடும். நாலைந்து தடவை அப்படிச் செய்த பிறகு, "படிங்க" என்று நீட்டும்.

10. கேள்விகள், இரண்டாவது வாசிப்பிலிருந்து

படிக்கும்போது குழந்தையைப் பேசவைப்பது பற்றி அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்குச் சில எளிய பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள்: திறந்த கேள்வி கேட்பது, குழந்தை சொன்னதை வாங்கிக் கொஞ்சம் நீட்டிச் சொல்வது. ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியது.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? "ஓநாய் எங்க இருக்கு?" என்றால் விரல் நீளும், அதோடு முடிந்தது. "இங்க என்ன நடக்குது?" என்றால் பேச்சு வரும். "ஓநாய் ஒளிஞ்சிருக்கு" என்று குழந்தை சொன்னால், "ஆமா, மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, வாலை மட்டும் மறைக்க மறந்துடுச்சு" என்று ஒரு பிடி சேர்த்துக் கொடுங்கள். அடுத்த தடவை அந்த வரி அப்படியே திரும்பி வரும். ஒரு வாசிப்புக்கு இரண்டு மூன்று கேள்விக்கு மேல் போனால் கதை பரீட்சையாகிவிடும். குழந்தை கேட்கும் கேள்விக்கு மட்டும் எண்ணிக்கை வைக்காதீர்கள்.

சில கேள்விகள் நம்மைத் தடுமாற வைக்கும். "சித்தின்னா கெட்டவங்களா?" கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பில் ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். ஸ்னோ ஒயிட்டின் கதையிலும் 1819இல் இதே மாற்றம். பெற்ற தாயை அப்படிக் காட்ட மனசு வரவில்லை, பழி இன்னொருத்தி தலையில் விழுந்தது. ஐந்து வயதுக்கு இவ்வளவும் வேண்டாம். "இந்தக் கதையில வர்றவங்க கெட்டவங்க. எல்லாச் சித்தியும் அப்படி இல்ல" என்று சொல்லி, குழந்தைக்குத் தெரிந்த ஒரு நல்ல சித்தியை நினைவுபடுத்துங்கள். மறுமணம் நடந்த வீடாக இருந்தால், குழந்தை கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள். வெள்ளைத் தோல்தான் அழகு என்று ஒரு புத்தகம் வரிக்கு வரி சொன்னால், நான் வேறு புத்தகம் தேடுவேன். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால், "நமக்கு எல்லா நிறமும் அழகுதான், இல்ல?" என்று அங்கேயே சொல்லிவிட்டு நகர்வேன்.

11. "இன்னொரு தடவை"

முடித்ததும் உடனே பேச வேண்டாம். கடைசிப் படம் திறந்தே இருக்கட்டும். குழந்தை "இன்னொரு தடவை" என்று சொல்லும், அல்லது எழுந்து ஓடிவிடும். இரண்டும் சரி.

ஒரே கதையை இருபது நாள் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பவும், இன்னொரு பிரிவுக்கு அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளிலும் படித்துக் காட்டிப் பார்த்தார்கள், 2011இல் வெளிவந்த ஆய்வு. சொற்கள் இரு பிரிவின் காதிலும் ஒரே அளவுதான் விழுந்தன. ஆனால் ஒரே கதையைத் திரும்பக் கேட்ட பிள்ளைகள்தான் அவற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கதை தெரிந்துபோன பிறகுதான் மற்றதைக் கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கிறது. மகள் ஐந்தாவது தடவையில்தான் பாட்டியின் கண்ணாடி கட்டிலுக்கடியில் கிடப்பதைக் கண்டுபிடித்தாள். பத்தாவது தடவையில், "வேட்டைக்காரருக்கு ஏன் மூஞ்சி தெரியல?" என்றாள். ஓவியர் அவரை எல்லாப் பக்கத்திலும் முதுகுப்புறமாகத்தான் வரைந்திருந்தார்.

பத்து நாள் ஆன பிறகு இன்னொரு ஓவியரின் அதே கதையைக் காட்டலாம். இரண்டையும் தரையில் அருகருகே விரித்துவையுங்கள். எந்த ஓநாய் அதிகப் பசியோடு இருக்கிறது? எந்தக் காட்டில் வெளிச்சம் வருகிறது? ஒரு கதையை ஒருவர் இப்படியும் இன்னொருவர் அப்படியும் சொல்லலாம் என்பது யாரும் சொல்லாமலே குழந்தைக்குப் பிடிபட்டுவிடும்.

12. புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்

ஒருநாள் குழந்தை உங்களை உட்காரவைத்துவிட்டுத் தானே "படிக்கும்". எழுத்துத் தெரியாது, படத்தை வைத்துச் சொல்லும். வரிசை மாறும், பாதிக் கதை காணாமல் போகும், புதிதாக யாராவது வந்து சேருவார்கள். மகள் சொன்ன கதையில் ஓநாய் கல்லு வயிற்றோடு ரொம்ப நேரம் நடந்தது. "கல்லு கனமா இருந்துச்சு. அதுக்கு வலிச்சுது. அப்புறம் அதோட அம்மா வந்தாங்க." எந்தப் புத்தகத்திலும் ஓநாயின் அம்மா வருவதில்லை. "அப்படி இல்லம்மா" என்று திருத்த வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். நீங்களும் அடக்கிக்கொள்ளுங்கள். பக்கம் தலைகீழாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். "உம்" கொட்டுங்கள். நடுவில் நின்றுவிட்டால், "அப்புறம்?" என்று கேளுங்கள்.